மிதிவண்டிக்கு ஆண், பெண் உண்டா?

ராஜஸ்தானில் அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு அரசு மிதிவண்டி வழங்கி வருகிறது. 2017இல் அங்கிருந்த பாஜக அரசு, அதுவரை கறுப்பாக இருந்த அந்த வண்டிகளுக்குக் காவி வண்ணம் பூசியது. அடுத்து வந்த காங்கிரஸ் அரசு 2019இல் அவற்றை மீண்டும் கறுப்பாக்கியது. பாஜக ஆட்சிக்குத் திரும்பிய பின் 2024இல் மறுபடியும் காவி. ஏழாண்டுகளில் மூன்று முறை நிறம் மாறியது. வண்டியின் உயரம் பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பொருந்துகிறதா, சாலையில் விளக்கு எரிகிறதா, பழுதானால் அந்தக் கிராமத்தில் யார் சரிசெய்வார் என்ற கேள்விகளுக்கு இந்த மூன்று அறிவிப்புகளிலும் இடமில்லை. பெண்ணுக்குத் தரப்படும் வண்டி அவளுக்குரியதாகக் கருதப்படுவதற்கு முன்பே அதைத் தருகிறவரின் கொடிக்கம்பமாகிவிடுகிறது.

அரசு பூசும் காவியைக் கண்டிப்பது இடதுசாரிகளுக்கு எளிது. சந்தை பூசும் இளஞ்சிவப்பு அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. இன்று எந்த நகரத்தின் மிதிவண்டிக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு பக்கம் கறுப்பு, சிவப்பு, நீலம். மறுபக்கம் இளஞ்சிவப்பும் ஊதாவும், முன்புறம் ஒரு சிறு கூடை, சக்கரக் கம்பிகளில் வண்ண மணிகள். பெண் குழந்தைகளுக்கு இயல்பாகவே பிடித்த நிறம் இது என்பது விற்பனையாளர்களின் வாதம். இயல்பு என்றால் அது எங்கும் என்றும் ஒன்றாக இருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆடை வணிகர்களிடையே இதில் ஒருமித்த கருத்தே இல்லை. ஆண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, பெண் குழந்தைக்கு நீலம் என்று பரிந்துரைத்த வணிக இதழ்களும் உண்டு. அவ்வளவு தொலைவு போவானேன்! மேலே சொன்ன அதே ராஜஸ்தானில் முறுக்கு மீசையோடு இளஞ்சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஆண்களைத் திருமண ஊர்வலங்களில் காணலாம். அந்த நிறத்தால் அவர்களது ஆண்மைக்குக் குறைவு வந்ததாக எவரும் சொன்னதில்லை.

நிறத்தைப் பிரிப்பதில் வணிகருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உழைப்பாளர் வீடுகளில் ஒரு மிதிவண்டி அக்காவிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து தங்கைக்கும் கைமாறும். அக்காவின் வண்டி இளஞ்சிவப்பாக இருந்தால் தம்பி அதைத் தொடமாட்டான். வீட்டுக்கு இரண்டு வண்டி விற்கும்.

ஆனால் நிறத்தை விட ஆழமான பிரிவினை சட்டகத்தில் இருக்கிறது. 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வடிவமைத்த ‘ரோவர்’ வண்டியிலிருந்துதான் இன்றைய மிதிவண்டி பிறந்தது. விரைவிலேயே, இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே குறுக்குக் கம்பி ஓடி முக்கோணங்களாக அமையும் சட்டகம் நிலைபெற்றது. குறைந்த எடையில் கூடுதல் பாரம் தாங்கும் அமைப்பு அது. அதே காலத்து மேல்தட்டுப் பெண்கள் தரையைத் தொடும் பாவாடை அணிந்திருந்தனர். அதனால் குறுக்குக் கம்பியைத் தாழ்த்தி, பின்சக்கரத்துக்கு வலையும் சங்கிலிக்கு மூடியும் போட்டு ‘பெண்கள் வண்டி’ உருவாக்கப்பட்டது. பெண்ணின் உடலமைப்பு கேட்ட வடிவமல்ல இது. அன்றைய ஒழுக்க விதிகள் திணித்த உடைக்கேற்ப வளைக்கப்பட்ட இரும்பு.

அந்த வளைந்த வண்டியில் ஏறியதையும் ஆணாதிக்கச் சமூகம் பொறுத்துக்கொள்ளவில்லை. மிதிவண்டி ஓட்டும் பெண்களின் முகம் இறுகி விகாரமாகிவிடும் என்று கூறி, ‘சைக்கிள் முகம்’ என்றொரு நோயையே 1890களின் மருத்துவர்கள் கண்டுபிடித்தனர். 1897இல் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்குவது குறித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வாக்கெடுப்பு நடத்தியபோது, எதிர்த்த மாணவர்கள் மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணின் உருவபொம்மையைத் தெருவில் தொங்கவிட்டனர். படித்த பெண்ணைக் கேலி செய்ய அவர்களுக்குக் கிடைத்த அடையாளம் மிதிவண்டி! அங்கே பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948இல்தான்.

காலனி ஆட்சிக் காலத்தில் இறக்குமதியான வண்டிகளோடு ‘ஜென்ட்ஸ்’, ‘லேடீஸ்’ என்ற பெயர்களும் கப்பலேறி வந்தன. சேலை கட்டும் நாட்டில் தாழ்ந்த கம்பி உண்மையிலேயே வசதியானது. அதை மறுக்க வேண்டியதில்லை. முதியவர்களுக்கும், உயரம் குறைந்தவர்களுக்கும், பின்னால் மூட்டை கட்டியிருப்பதால் காலைச் சுழற்றி ஏற முடியாத ஆணுக்கும் அது அதே அளவு வசதியானது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டதால் வசதி பாலினமாகிவிட்டது.

இந்தப் பெயரை உழைக்கும் பெண்கள் பொருட்படுத்தாத ஒரு தருணம் புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், மிதிவண்டி ஓட்டுவதும் எழுத்தறிவோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. விவசாயத் தொழிலாளிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் கற்றனர். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிப் பேரணி சென்றனர். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பதிவு செய்தபோது ஒரு நுட்பமான செய்தியையும் குறித்தார். லேடீஸ் சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளில் கற்றார்கள். பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதே காரணம்.

தொழிற்சாலையும் கடையும் கவனிக்கத் தவறியது இதைத்தான். ‘ஆண்’ வண்டி இந்நாட்டில் உழைப்புக் கருவி. பால் கேன்கள் தொங்குவது அதில், வாழைத்தார் ஏறுவது அதில். ஜார்க்கண்டில் 200 கிலோ வரை நிலக்கரியை ஏற்றிப் பல மைல் தள்ளிச் செல்வது அதில். ‘பெண்’ வண்டி என்று விற்கப்படுவதற்கோ ஒரு நோட்டுப் புத்தகமும் மதிய உணவு டப்பாவும் கொள்ளும் கூடைதான் அடையாளம். பெண் பள்ளிக்குப் போவாள், அதன்பின் வீட்டில் இருப்பாள், அவளுக்குச் சுமை கிடையாது என்ற கற்பனை இரும்பில் வார்க்கப்பட்டிருக்கிறது. விறகும் தண்ணீர்க் குடமும் புல்லுக்கட்டும் இந்தியக் கிராமங்களில் பெரும்பாலும் யார் தலையில் செல்கின்றன என்பது அனைவருக்கும் தெரியும். தலையில் இருக்கும்வரை அது பெண் வேலை. சக்கரத்தில் ஏறியதும் ஆண் வேலையாகிவிடுகிறது. 2020 ஊரடங்கில், காயமுற்ற தந்தையைக் கேரியரில் அமர்த்தி, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்து வந்தவள் 15 வயது தலித் சிறுமி. ஊடகங்கள் அதைச் சாதனையாகக் கொண்டாடின. ரயிலையும் பேருந்தையும் நிறுத்திவிட்டுத் தொழிலாளர்களைச் சாலையில் விட்ட அரசைப் பற்றி அந்தக் கொண்டாட்டத்தில் பேச்சில்லை. பெண்ணும் பாரம் இழுப்பவள்தான் என்ற எளிய உண்மையையும் எவரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் அது பெண் வண்டி என்பதில் தர்க்கமும் கிடையாது. பல பத்தாண்டுகள் நடுத்தர வர்க்க ஆண்களின் பெருமையாக இருந்த பஜாஜ் ஸ்கூட்டரில் குறுக்கே கம்பி எங்கே இருந்தது? டிவிஎஸ் 50இல் மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போகும் ஆணை எவரும் பெண் வண்டி ஓட்டுகிறான் என்று சிரிப்பதில்லை. பாரிஸ் நகரம் 2007இல் பொது மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியபோது தாழ்ந்த சட்டக வண்டி ஒன்றையே எல்லாருக்குமாக நிறுத்தி வைத்தது. இயந்திரம் பொருத்திய வண்டியில் மறைந்துவிடும் பாலினம், காலால் மிதிக்கும் வண்டியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே அரசின் பொறுப்பு தனித்துப் பேசப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, பின்னர் மேல்நிலை மாணவர் அனைவருக்குமாக விரிந்தது இலவச மிதிவண்டித் திட்டம். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு வண்டி வாங்க 2,000 ரூபாய் தரப்பட்டது. பீகார் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததையும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் கண்டனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சாதியும் நிலவுடைமையும் பெண்ணின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் மாநிலத்தில், ஊரறியக் கூட்டமாகப் பெண்கள் மிதித்துச் சென்றதே ஒரு மாற்றம். அதை எந்த ஆட்சி செய்திருந்தாலும் மாற்றம் மாற்றமே.

ஆயினும் லட்சக்கணக்கில் கொள்முதல் செய்யும் அரசுதான் இந்தச் சந்தையில் மிகப்பெரிய வாடிக்கையாளர். தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளியில் மாணவருக்கு ஒரு வகை, மாணவியருக்கு வேறொரு வகை எனப் பிரித்துக் கேட்கும்போது, கடைக்காரரின் பிரிவினைக்கு அரசு முத்திரை விழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 44.8 விழுக்காட்டு வீடுகளில் மிதிவண்டி இருந்தது. அந்தக் கணக்கு வீட்டைத்தான் கேட்டது. வீட்டுக்குள் அதன் மீது யார் ஏறுகிறார் என்பது அதில் இல்லை.

பெண்களே அந்த நிறத்தை விரும்புகிறார்களே என்ற மறுப்பு இயக்கத்துக்குள்ளும் எழும். விரும்பட்டும். இளஞ்சிவப்பை விரும்பும் சிறுமியிடம் சித்தாந்த வகுப்பெடுப்பது தேவையற்ற வேலை. அவளது விருப்பத்தைப் பழிப்பதும் பழைய ஆண் திமிரின் மற்றொரு வடிவமே. அந்நிறத்தை விரும்பும் பையனும், குறுக்குக் கம்பி வண்டி கேட்கும் பெண்ணும் தயங்காமல் கேட்க முடிகிறதா என்பதே பிரச்சனை. அதற்குப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளியில் மாணவர், மாணவி என்ற பிரிவுக்குப் பதிலாக இரண்டு உயர அளவுகளும் இரண்டு சட்டக வகைகளும் இருக்கட்டும். எது வேண்டும் என்பதைப் பள்ளியில் சேரும்போதே ஒவ்வொருவரும் குறித்துக் கொடுக்கட்டும். எல்லா வண்டியிலும் பாரம் தாங்கும் கேரியரும் விளக்கும் இருக்க வேண்டும். ஆட்சியின் நிறம் எதிலும் வேண்டாம். மாணவர் சங்கமும் மாதர் சங்கமும் ஆசிரியர் அமைப்புகளும் சேர்ந்து வலியுறுத்தினால் அடுத்த கல்வியாண்டின் கொள்முதலிலேயே இதைச் செய்ய முடியும். ஒப்பந்தப்புள்ளி வெளிவந்த பிறகு மனுக் கொடுத்துப் பயனில்லை. அது தயாராகும் மாதங்களிலேயே கல்வித்துறை அலுவலகங்களின் கதவைத் தட்ட வேண்டும்.