முதலாண்டில் எந்தப் பாடம்?



சென்ற மாதம் அக்குறணைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் தமிழ் மொழிமூலம் உயர்தரப் பரீட்சை எழுதி, பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். சந்தோஷமான செய்திதான். ஆனால் இருவர் முகத்திலும் சந்தோஷத்தைக் காணவில்லை.

"ஹஸரத், முதலாம் வருஷத்துக்குப் பாடம் தெரிவு செய்யணுமாம். இரசாயனவியல் கஷ்டம் என்று எல்லாரும் சொல்றாங்க. செய்முறை வகுப்பு முடிய அஸரும் தாண்டிவிடுமாம். அதை விட்டுட்டு லேசான ஒன்றை எடுக்கச் சொல்லுங்களேன்" என்றார் தாய்.

"உமக்கு எது விருப்பம் மகள்?" என்று கேட்டேன்.

"இரசாயனவியல்தான் விருப்பம். ஆனா இங்கிலிஷில படிக்கப் பயமா இருக்கு" என்றாள்.

உடனே பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு மாணவியிடம், "கஷ்டமானதை விட்டுவிடும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பின்னர் அவள் உயிர் இரசாயனத்தில் சிறப்புப் பட்டம் செய்ய விரும்பியபோது, முதலாண்டில் இரசாயனவியல் படிக்காததால் அந்தக் கதவு மூடியிருந்தது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் கவலை இன்னும் தீரவில்லை.

சகோதரிகளே, முதலாண்டு என்பது அத்திவாரம். பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். எதில் சிறப்புப் பட்டம் செய்யலாம் என்பதை ஆரம்பத்தில் எடுத்த பாடங்களும் அவற்றின் பெறுபேறுகளுமே தீர்மானிக்கின்றன. ஆகவே முதலாண்டில் ஒரு பாடத்தை விடுவது ஒரு வருடத்துக்கு மட்டும் விடுவதாகாது.

அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கிறது? அணுவின் கட்டமைப்பு, பிணைப்பு, வெப்ப இரசாயனம், சமநிலை, சேதன இரசாயனம் என்று முதலாண்டில் வருபவற்றில் பலவற்றை உயர்தரத்திலேயே பிள்ளை படித்திருக்கிறாள். புதியது மொழி. நேற்றுவரை 'நியமிப்பு' என்று செய்ததை இனி 'டைட்ரேஷன்' என்பார்கள். பிள்ளை அறிந்த விடயத்தையே அறியாதவள் போல் திகைத்து நிற்பாள். இதற்கு ஒரு கொப்பி போதும். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். விரிவுரைகள் தொடங்குமுன் நாளொன்றுக்குப் பத்துச் சொல் எழுதினால் ஒரு மாதத்தில் முந்நூறு சொல்லாகிவிடும். மறுபக்கம், "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று முதல் வாரங்களில் அசட்டையாக இருப்பவர்களும் பின்னர் தடுமாறுகிறார்கள். இரண்டும் ஆகாது.

நாம் பயப்படும் அந்தச் சொற்களில் சில அரபுக் கல்லூரியில் ஓதிய எனக்கே பழக்கமானவை. 'கெமிஸ்ட்ரி' என்ற சொல் 'அல்கீமியா' வழியாக வந்தது. அது கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்து, அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. 'அல்கலி' என்பது 'அல்கலீ', அதாவது செடியை எரித்த சாம்பல். எங்கள் உம்மாமார் சட்டி தேய்த்த அதே சாம்பல்தான்! ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த அர்ராஸீ, தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் ஆய்வுகூடப் பாத்திரங்களையெல்லாம் விவரித்து எழுதினார். அறிவு ஒரு மொழியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. எங்கள் பிள்ளையும் மொழி மாறிப் படிக்கலாம்.

தாயின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. பேராதனையிலிருந்து கண்டிக்கு வந்து, பஸ் மாறி, மாத்தளை வீதியில் போகும்போது மழையும் இருட்டும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அதற்குப் பரிகாரம் பாடத்தை விடுவதல்ல. செய்முறை வகுப்பு எந்த நாள், எத்தனை மணிவரை என்று கேட்டறியுங்கள். விடுதிக்கு விண்ணப்பியுங்கள். அதே பாதையில் வரும் மாணவிகளைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். முடியாத நாளில் வாப்பாவோ நானாவோ கண்டிவரை போகட்டும்.

அடுத்து, பீடத்தின் கையேட்டை வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடத்தோடு எது சேரும், எதை விட்டால் பின்னர் எது கிடைக்காது என்பது அதில் இருக்கும். பக்கத்து வீட்டார் சொல்வதை விட அது நம்பகமானது. பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் உண்மையிலேயே விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்தவும் வேண்டாம். ஆனால் விருப்பம் இருந்தும் பயத்தால் விடுகிறாளா என்பதை அவள் வாயாலேயே கேட்டறியுங்கள்.

குடிநீரைப் பரிசோதிப்பவர்கள், தலவாக்கலையில் தேயிலையை ஆராய்பவர்கள், மருந்து செய்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடம் வேண்டும். எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் தமிழ் மொழிமூலம் இரசாயனவியல் கற்பிக்க ஓர் ஆசிரியை கிடைப்பது எவ்வளவு பாடு என்பதை நீங்களே அறிவீர்கள். அந்த ஆசிரியை உங்கள் மகளாக ஏன் இருக்கக்கூடாது?

புறப்படும்போது அந்தத் தாய், "முதல்ல அந்தக் கையேட்டைப் பார்ப்போம் மகள். விடுதியையும் கேட்டுப் பார்ப்போம்" என்றார். முடிவு அவர்களுடையது. கேட்டு, அறிந்து எடுத்த முடிவாக அது இருந்தால் எனக்குப் போதும்.