சுடலையிற் சாதி உண்டோ?

உடல் நீத்தார்க்கு உற்றார் இறுதிக்கடன் ஆற்றுதல் எந்நாட்டார்க்கும் பொதுவாகிய அறம். அவ்வறம் நிகழும் ஈமக்காட்டினையும் கூறுபடுத்து, இஃது இன்ன சாதியார்க்கு உரியது, ஏனையோர் இதனுட் புகலாகாது என எல்லை வகுக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற் பல ஊர்களில் இன்றும் நிலவுகின்றது. திருநீறணிந்த சைவருட் சிலரும் இதனைத் தொன்மரபென்று தாங்கிப் பேசுகின்றனர். அவர் கூற்றுப் பொருந்தாமையை ஈண்டுக் காட்டுவாம்.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், இறந்தவர் ஒருவரை எரியூட்டக் கொண்டு சென்றோர், நிலவழி தமக்கு அடைபட்டமையின், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பிரேதத்தைக் கயிறுகொண்டு கீழிறக்கினர். சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்திற்கு முன் வினவியிருக்க வேண்டியவர் சிவனடியார் அல்லரோ?

“சாதி உடம்பு பற்றியது, ஆகலின் உடம்பினை எரிக்கும் இடமும் வேறாதல் முறையே” என்பர் ஒரு சாரார். சித்தாந்தம் அறிந்தார் இங்ஙனம் கூறார். உயிர்க்குச் சாதியில்லை. இறக்குங்கால் உயிரோடு செல்வது புரியட்டகமாகிய நுண்ணுடம்பு, அதற்கும் சாதியில்லை. எஞ்சிக் கிடப்பது ஐம்பூதக் கூட்டமாகிய பருவுடம்பு. அது தீயில் வெந்து பூதங்களோடு பூதமாய் ஒடுங்குவது. ஒடுங்கிய மண்ணில் உயர்ந்த மண் யாது? வெந்த நீற்றில் இழிந்த நீறு யாது? நாடோறும் நெற்றியில் நீறணிந்தும் இதனை உணராதார் அணிந்தது வெறுஞ்சாம்பலே.

“முன்னோர் மரபு இது” என்பர் வேறு சிலர். எம்முன்னோர்? திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்க நாயனார், திருஞானசம்பந்தர் பணித்தவாறு, திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் தம் வேள்விச்சாலை வேதிகையின் பக்கத்தே இடம் அளித்தார். அவ்வேதிகைத் தீ அணைந்ததோ? வலஞ்சுழித்து மேலெழுந்து ஒளிர்ந்தது என்று பெரியபுராணம் பேசும். வேள்வித்தீயே உவந்தேற்ற ஒருவரை ஈமத்தீ விலக்கும் என்பது எந்நூற்றுணிபு? பின்னர் நல்லூர்ப்பெருமணத்தில் எழுந்த சோதியுள், பாணரும் நாயனாரும் பிள்ளையாரோடு ஒருங்கே புகுந்தனர். முத்தி வாயில் ஒன்றாயிருக்கச் சுடலை வாயில் இரண்டாதல் யாங்ஙனம்?

“அவரவர்க்கு அவரவர் சுடுகாடு உண்டே, குறை யாது?” என்பாரும் உளர். ஒருவர் சுடலைக்குச் சாலையும் கூரையும் இருக்க, மற்றவர் பிணத்தைத் தோளிற் சுமந்து வரப்பிலும் சேற்றிலும் தடுமாறும் ஊர்கள் பலவென்பதை இவர் கண்டிலர் போலும். கண்டும் காணாராயின், அவரோடு வழக்கிடுதல் வீணே.

பிறநாட்டார் செய்தி ஒன்றும் காண்க. 1917-இல் ஆங்கிலேயர் நிறுவிய போர்க்கல்லறை ஆணையம், பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடு நோக்காது வீழ்ந்த வீரரெல்லார்க்கும் ஒருதன்மையான சிறப்பே செய்வதெனக் கொள்கை வகுத்தது. ஆயினும் ஆப்பிரிக்கரும் ஆசியருமாகிய பல்லாயிரவர் பெயர் பொறிக்கப்படாது விடப்பட்டமை ஆராய்ச்சியில் வெளிப்பட்டபோது, 2021-இல் தன் பிழையை உலகறிய ஒப்பி வருந்தியது. எல்லாம் சிவமயம் என்னும் நாம் அத்துணையேனும் செய்ய வேண்டாவோ?

சாதி வேறுபாடற்ற மயானமுடைய முன்மாதிரி ஊர்கட்கு 10 இலட்ச ரூபாய் ஊக்கத்தொகை அளிப்பதாகத் தமிழ்நாட்டரசு 2021-இல் அறிவித்தது. நன்று. எனினும் பொருள் பெற்றுச் செய்யும் அறம் சைவர்க்கு அழகன்று. பிணஞ்செல்லும் பாதை தம் நிலத்தூடு கிடப்பின், சைவர் அதனைத் தாமே திறந்துவிடுக. அடியார் திருக்கூட்டத்தார் யார் இல்லத்தில் இழவு நேரினும் சென்று திருமுறை ஓதுக. பாடையைத் தோள்கொடுத்துச் சுமக்க.

சுடலை எம்பெருமான் ஆடும் அரங்கு. காரைக்காலம்மையார் காலான் மிதிக்கலாற்றாது தலையால் நடந்துசென்ற திருவாலங்காடும் அவன் ஆடிய காடே. அவன் அரங்கினுள் வேலி நட்டவர் எவராயினும் சிவத்துரோகிகளே ஆவர். நட்ட கையே அதனைப் பிடுங்குக.