விமானிக்கு எதற்கு வம்சாவளி?

ஸ்டார் வார்ஸ் கதைகளில் இரண்டு வகை நாயகர்கள் உண்டு. ஒருவர் ஜெடாய். அண்டமெங்கும் பரவியிருப்பதாகச் சொல்லப்படும் 'ஃபோர்ஸ்' என்ற ஆற்றலைக் கையாளும் வரம் வாய்த்தவர். இன்னொருவர் விமானி. வரம் எதுவும் இல்லாதவர். பயிற்சி, துணிச்சல், பக்கத்தில் பறக்கும் தோழர்மீது வைக்கும் நம்பிக்கை, இவ்வளவுதான் அவருடைய சொத்து.

முதல் வகை எங்கே போய் நிற்கும் என்பதைப் படங்களே காட்டிவிட்டன. 1977இல் வந்த முதல் படத்தில் லூக் ஒரு பண்ணை வீட்டுப் பையன். அடுத்தடுத்த படங்களில் அவனுடைய தந்தை, சகோதரி என்று மொத்தக் குடும்பமும் ஆற்றல் பெற்ற குடும்பமாகிறது. 1999இல் வந்த படத்தில் ஓர் அடிமைச் சிறுவனின் இரத்தத்தைச் சோதித்து, ஆற்றலை எண்ணாகவே எழுதிவிடுகிறார்கள். 2017இல் வந்த படம், நாயகி ரேயின் பெற்றோர் யாருமறியாத எளியவர்கள் என்றது. 2019இல் வந்த அடுத்த படம் அதைத் திருத்தி, அவளைப் பேரரசனின் பேத்தியாக்கியது. எந்தத் திறமைக்குப் பின்னாலும் ஒரு தாத்தா இருந்தாக வேண்டும் என்பது அந்த உலகத்தின் எழுதப்படாத சட்டம்.

அதனாலேயே விமானிகளின் கதைகள்மீது எனக்குத் தனி ஈர்ப்பு. மைக்கேல் ஏ. ஸ்டாக்போல் எழுதி 1996இல் வெளிவந்த 'எக்ஸ்-விங்: ரோக் ஸ்குவாட்ரன்' நாவலை முதுகலை படிக்கும்போது பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். பேரரசன் இறந்துவிட்டான், ஆனால் தலைநகரக் கோளான கொரஸான்ட் இன்னும் பேரரசின் கையில்தான் இருக்கிறது. மனித இனமே உயர்ந்தது, மற்ற இனங்கள் எல்லாம் கீழ் என்ற எண்ணத்தில் எழுந்த பேரரசு அது. அதை எதிர்த்து நிற்கும் கிளர்ச்சிப் படையின் பெயர்பெற்ற விண்போர்க்கல அணியைத் தளபதி வெட்ஜ் ஆன்டிலிஸ் புதிதாகக் கட்டுகிறார். அவர் எரிபொருள் நிலையம் நடத்தியவர்களின் மகன். அணியில் பூச்சியைப் போன்ற முகம் கொண்டவர் இருக்கிறார், ஓநாய் முகத்தவர் இருக்கிறார், பாலைவனக் கோளிலிருந்து வந்த பண்ணைச் சிறுவன் இருக்கிறான், சிறைக் கோள் என்று இகழப்படும் கெஸ்ஸலில் இருந்து வந்த பெண்ணும் இருக்கிறார். சிமுலேட்டரில் நடக்கும் ஒரு பயிற்சியோடுதான் கதை தொடங்குகிறது. கலத்தைச் செலுத்தத் தெரிகிறதா, தோழரைக் காக்கத் தெரிகிறதா, அதுதான் கேள்வி. யார் மகன், எந்த ஊர் என்பது அல்ல. பெயரைச் சொன்னதுமே எடைபோடப்பட்டுப் பழகிய ஒருவருக்கு அந்தப் பக்கங்கள் என்ன தரும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் தொடரை முழுதாகப் படித்தபோது அந்த மகிழ்ச்சியில் விரிசல் விழுந்தது.

முதலில் இருக்கைகளைப் பார்ப்போம். அணியில் தைஃபெர்ரா கோளுக்கு இரண்டு இடங்கள் போகின்றன. காயங்களை ஆற்றும் 'பாக்டா' மருந்து பெருமளவில் உற்பத்தியாகும் கோள் அது. மருந்தை உருவாக்கும் உழைப்பு வ்ராட்டிக்ஸ் என்ற பூச்சியினத்தவருடையது. நிறுவனங்களும் இலாபமும் அங்கே குடியேறிய சிறு எண்ணிக்கை மனிதர்களுடையவை. இரண்டு இடங்களும் அந்த மனிதர்களுக்கே தரப்படுகின்றன. போட்டி நிறுவனங்கள் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்று. எந்த நிறுவனமும் மனம் கோணக்கூடாது என்பதே கவலை. மருந்து செய்கிற கைகளுக்கு ஓர் இருக்கை வேண்டாமா என்ற கேள்வி எழவில்லை. பிரதிநிதித்துவம் என்ற சொல்லை உடைமையாளர்கள் எப்படித் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

அடுத்தது சந்தேகம். அணியின் மூத்த விமானி டைகோ செல்சூ பேரரசின் லுசாங்கியா சிறையில் இருந்தவர். அங்கே இருந்தவர்கள் தம்மை அறியாமலே ஒற்றர்களாக மாற்றப்பட்டிருக்கலாம் என்ற அச்சத்தால் அவரைக் காவலர்கள் தொடர்கிறார்கள். மூன்றாம் நாவலில் துரோகக் குற்றச்சாட்டில் விசாரணைக் கூண்டிலும் நிற்கிறார். உண்மையான துரோகியோ எரிசி ட்லாரிட், பாக்டா நிறுவனக் குடும்பத்துப் பெண். சிறை முத்திரை விழுந்தவர் ஒவ்வொரு நாளும் தன்னை நிரூபிக்க வேண்டும்; நல்ல குடும்பத்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இதை ஸ்டாக்போல் கூர்மையாகவே எழுதியிருக்கிறார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்க்கத் தெரிந்த எழுத்தாளரே நாயகன் விஷயத்தில் வழுக்குகிறார். கோரன் ஹார்ன் முன்னாள் காவல் அதிகாரி, அபாரமான விமானி. அவனுடைய திறமையும் உள்ளுணர்வும் பயிற்சியிலிருந்தும் வேலை அனுபவத்திலிருந்தும் வந்தவை என்று நம்பியே நாம் பக்கங்களைப் புரட்டுகிறோம். மூன்றாம் நாவலான 'தி க்ரைட்டோஸ் ட்ராப்' முடிவில் உண்மை வெளிப்படுகிறது. அவனுடைய சொந்தத் தாத்தா ஒரு ஜெடாய்! உடனே ஜெடாய் பயிற்சிக்குப் போகாமல் அணியோடு இருப்பதை அவன் தேர்ந்தெடுக்கிறான் என்பது ஆறுதல். ஆனாலும் முந்தைய பக்கங்கள் எல்லாம் நம் நினைவில் மாறிவிடுகின்றன. உழைப்பு என்று நினைத்தது இரத்தமாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு நினைவுக்கு வந்தது. ஆய்வு உதவித்தொகைக்கான தேர்வு. என் ஆய்வுத் திட்டத்தைப் பற்றி நன்றாகவே கேட்டார்கள், நன்றாகவே சொன்னேன். கடைசியில் குழுவில் மூத்தவர் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது இந்த மாதிரி படிச்சிருக்காங்களா?" இல்லை என்றேன். "அப்புறம் உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது?" அவர் பாராட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்த 'எப்படி' என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. தாத்தா பேராசிரியராக இருந்தவரிடம் இந்தக் கேள்வி வராது. அவருக்கு வருவது இயற்கை. எனக்கு வந்தால் விளக்கம் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட, மேடையில் பேச முடியாமல் போன உரையான 'சாதி ஒழிப்பு' இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. ஒருவரின் ஆற்றல் உடல்வழி மரபு, சமூகவழி வந்த வாய்ப்புகள், சொந்த முயற்சி என்ற மூன்றைச் சார்ந்தது என்கிறார். முயற்சியில் உள்ள வேறுபாட்டுக்கு வேறுபட்ட பலன் தரலாம். முதல் இரண்டையும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தால், கிடைப்பவர் திறமையாளர் அல்ல, சலுகை பெற்றவரே என்பது அவருடைய வாதம். இடஒதுக்கீடு என்றதும் "தகுதி என்னாவது?" என்று பதறுகிறவர்கள், தாங்கள் காப்பது மூன்றாவதையா முதல் இரண்டையா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இதே தொடரில் அதற்கு ஒரு பதிலும் இருக்கிறது. 1998இல் ஆரன் ஆல்ஸ்டன் எழுதிய 'ரெய்த் ஸ்குவாட்ரன்' நாவலில் வெட்ஜ் புதிய அணி ஒன்றைக் கட்டுகிறார். இந்தமுறை அவர் தேடுவது மற்ற அணிகள் கழித்துவிட்டவர்களை, படையிலிருந்து வெளியேற்றப்படும் நிலையில் இருப்பவர்களை. மூன்று மாதத்தில் இது தேறாவிட்டால், தான் விரும்பாத ஜெனரல் பதவியை ஏற்றுக்கொள்வதாக அட்மிரல் அக்பாரிடம் பந்தயமும் வைக்கிறார். அவர்களில் வெடிபொருள் தெரிந்த மெக்கானிக் உண்டு, மாறுவேடம் போடத் தெரிந்த முன்னாள் குழந்தை நட்சத்திரம் உண்டு. பழைய மதிப்பெண் பட்டியலில் இந்தத் திறமைகளுக்குக் கட்டமே இல்லை. அணி வென்றதற்குக் காரணம் தகுதியைக் குறைத்தது அல்ல, தகுதியை அளக்கும் கோலை மாற்றியது.

அங்கும் ஒரு நெருடல். அணியில் கமோரியன் இனத்தைச் சேர்ந்த 'பிக்கி' இருக்கிறார். பன்றி முகமும் முரட்டு உடலும் கொண்ட, அறிவற்ற அடியாட்களாகவே படங்கள் காட்டிய இனம். பிக்கியோ கணிதத்தில் தேர்ந்தவர், அமைதியானவர், நாவலின் அருமையான பாத்திரங்களில் ஒருவர். ஆனால் அவர் அப்படி இருப்பதற்குக் காரணம், ஆய்வகத்தில் அவருடைய உடலை மாற்றியமைத்தார்கள் என்பதாம். கோரனின் திறமைக்கு ஒரு தாத்தா. பிக்கியின் அறிவுக்கு ஓர் ஆய்வகம். மற்ற கமோரியர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். "நீங்க அவங்க மாதிரி இல்லையே" என்று நம்மிடம் சொல்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒருவரை மேலே தூக்கிவிட்டு, அவருடைய தெருவை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நாவல்களைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. மறுபடியும் படிப்பேன். தமிழில் அறிவியல் புனைவு எழுதத் தொடங்கியிருக்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. உங்கள் நாயகி கலத்தைச் சிறப்பாக ஓட்டினால், ஓட்டட்டும். இரவெல்லாம் சிமுலேட்டரில் உட்கார்ந்து கற்றாள் என்று எழுதுங்கள், அது போதும். முந்நூறாம் பக்கத்தில் அவளுக்கு ஒரு தாத்தாவைக் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள்.