இணைய வகுப்பிலும் சாதி உண்டு

"இணையத்தில் சாதி தெரியாது" என்கிறார்கள், தோழர்களே. 2021 ஏப்ரலில் வெளியான காணொலியை நினைத்துப் பாருங்கள். கரக்பூர் ஐஐடியில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு. இணையவழியில் ஆங்கிலம் நடத்திய பேராசிரியர் அந்தப் பிள்ளைகளைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். காணொலி பரவிய பிறகே பணியிடை நீக்கம் வந்தது. பரவாமல் இருந்திருந்தால்?

அடுத்த மாதமே பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையத்தில் நடத்தலாம் என்று குறிப்பு வெளியிட்டது. யார் வீட்டை மனதில் வைத்து இந்தக் கணக்கு? ஓரறை வீடு, ஐந்து பேர், ஒரே செல்போன். அங்கிருந்து வரும் பிள்ளைக்கு விடுதியும் நூலகமும்தான் படிக்கும் இடம்.

இணையக் கல்வியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு அது உதவும். ஆனால் டேட்டா செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். பாடங்களைத் தரவிறக்கிப் படிக்க வழி செய்யட்டும். கேமரா போடவில்லை என்று வருகையை வெட்டக் கூடாது. இணையத்தைக் காட்டி விடுதியைச் சுருக்கக் கூடாது. ஒவ்வொரு வகுப்பும் பதிவாக வேண்டும். புகாரை விசாரிக்கும் குழுவில் நம்மவர்கள் இருக்க வேண்டும்.

கரக்பூரில் அந்தப் பிள்ளைகளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவுதான்.