வீட்டுக்குத் தகுந்த மரச்சாமான்

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று நம் பாட்டிமார் சொல்வது வீட்டுச் சாமான்களுக்கும் பொருந்தும். கடையில் கம்பீரமாகத் தெரிந்த சோபா, வீட்டுக்கு வந்ததும் பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு மனுஷரை வெளியில் நிறுத்திவிடுகிறது. இன்னொரு பக்கம், மாமியார் காலத்துத் தேக்குப் பெஞ்சைப் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிட்டு, அந்தப் பணத்தோடு மேலும் பணம் போட்டு, இரண்டு மழைக்குத் தாங்காத அலமாரியை வாங்கி வருகிறோம். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். ஆகவே சகோதரிகளே, பழசா புதுசா என்ற வழக்கைச் சற்றே ஒத்தி வைத்துவிட்டு, முதலில் நம் ஊரையும் நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போமா?

ஊரை எதற்குப் பார்க்க வேண்டும் என்கிறீர்களா? தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகும் நம் பள்ளத்தாக்கு, மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. ஆனி, ஆடியில் அம்மியும் பறக்கிற காற்று. கூடவே மலையடிவாரத்தில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பங்குனி, சித்திரையில் சுட்டெரிக்கும் வெயில். மரமோ, வெட்டி இழைத்து மேஜையாக்கின பிறகும் ஈரத்தைக் குடித்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். சித்திரையில் ஒரு விரலால் இழுத்த மேஜை டிராயர், கார்த்திகையில் இரண்டு கையாலும் இழுத்தால்கூட வராமல் சண்டித்தனம் செய்வது இதனால்தான்.

நல்ல கட்டையில் இது பெரிய குற்றமல்ல; வெயில் வந்ததும் சரியாகிவிடும். ஆனால் மரத்தூளைப் பசை போட்டு அழுத்தி, மேலே வழவழவென்று காகிதம் ஒட்டின பலகை இருக்கிறதே, அதன் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பினது உப்பினதுதான். பிறகு திருகாணியும் பிடிக்காது, கதவும் நிற்காது. கூடலூர், கம்பம் பக்கம் சாரல் அடிக்கும் ஜன்னல் அருகிலும், எந்த ஊரானாலும் சமையலறைத் தொட்டியின் கீழும், குளியலறைச் சுவர் ஓரத்திலும் அந்த ஜாதிச் சாமானை வைக்கவே வேண்டாம். காய்ந்த உள்ளறையில் புத்தகமோ துணியோ வைக்க வேண்டுமானால் வாங்கலாம்.

அடுத்தது வீடு. கடைக்குப் போகுமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தை மட்டும் அளந்தால் போதாது. வாசல் நிலை, மாடிப்படித் திருப்பம், அறைக்கதவு எல்லாவற்றையும் அளக்க வேண்டும். சாதாரணமான பெரிய இரும்பு பீரோ ஆறரை அடி உயரம் இருக்கும். படித் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டால் பீரோவுக்கும் சேதம், சுவருக்கும் சேதம். இருவர் படுக்கும் கட்டில் 6½ அடிக்கு 5 அடி. அதைவிடப் பெரியது 6½ அடிக்கு 6 அடி. பத்தடி அறையில் பெரிய கட்டிலைப் போட்டுவிட்டு, பீரோக் கதவைத் திறக்க இடமில்லாமல் தவிப்பவர்கள் எத்தனை பேர்! தரையிலே சாக்கட்டியால் கட்டிலின் அளவுக்குக் கோடு போட்டு, சுற்றி நடந்து பாருங்கள். இரண்டடி வழி இருந்தால்தான் படுக்கை விரிக்கவும் பெருக்கவும் முடியும்.

உட்காரும் நாற்காலி தரையிலிருந்து சுமார் 18 அங்குல உயரம் இருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். மூட்டுவலிக்காரரான மாமனார், பஞ்சு மூட்டையாய் அமுங்கும் தாழ்ந்த சோபாவிலிருந்து எழுந்திருக்கப் படும் பாட்டைப் பார்த்தவர்கள், கை வைத்த பழைய பிரம்பு நாற்காலியை ஒருநாளும் விற்கமாட்டார்கள். பிரம்பு அறுந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம்.

இனிப் பழசைப் பார்ப்போம். நூறு வயதைத் தாண்டியது ஒரு வகை. தாத்தா, பாட்டி காலத்தது இன்னொரு வகை. வயது எதுவானாலும் சோதனை ஒன்றுதான். மேலே தெரியும் மெருகைப் பார்த்து மயங்காமல், சாமானைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவு போன்ற புதுத் தூள் கொட்டுகிறதா? பூச்சி இன்னும் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லாவிட்டால் அவ்வளவாகப் பயமில்லை. வைரம் பாய்ந்த கட்டையைவிட, வெளுத்த ஓரக் கட்டையைத்தான் உளுப்பு முதலில் பிடிக்கும். ஆகையால் வெளுத்த இடங்களைத் தட்டிப் பாருங்கள். இரண்டு கட்டைகள் சேருமிடத்தில், ஒன்றின் முனையை மற்றதன் துளையில் செருகியிருந்தால் ஆடினாலும் இறுக்கிவிடலாம். ஆணி மேல் ஆணியாக அடித்து நிறுத்தியிருந்தால் விலையைக் கேட்காமலே திரும்பிவிடுங்கள். பழைய தொட்டிலில் பெயிண்ட் உரிந்திருந்தால் குழந்தையைப் போடாதீர்கள். அக்காலப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்.

பழசு என்றதும் பலருக்குக் காரைக்குடி ஞாபகம் வரும். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார், அங்கிருந்து தேக்கு வரவழைத்துக் கட்டிய பெரிய வீடுகள் செட்டிநாட்டில் ஏராளம். பின்னாளில் பாகம் பிரிந்தபோதும், வீடுகள் இடிபட்டபோதும் வெளியே வந்த தூண், கதவு, பெட்டி, அலமாரி எல்லாம் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வந்து குவிந்தன. பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்! ஆனால் அவை ஐம்பது பேர் பந்தி உட்காரும் கூடத்துக்காகச் செய்தவை என்பதை மறக்கக் கூடாது. நம் வீட்டுக்கு அங்கிருந்து பெரிய மேஜையைக் கொண்டு வருவதைவிட, ஒரு மரப்பெட்டியோ, முக்காலியோ, நிலைக்கண்ணாடியோ கொண்டு வருவது புத்திசாலித்தனம். பெட்டிக்குள் கம்பளியை வைக்கலாம். மேலே இருவர் உட்காரலாம். வண்டிச் சத்தத்தையும் விலையோடு கூட்டிப் பார்த்தே பேரம் பேசுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் ஜாக்கிரதை. நூறு வயதைத் தாண்டிய கலைப் பொருளைத் தனியார் நாட்டை விட்டுக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஈட்டி மரச் சாமானுக்கும் 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு.

புதிதாக வாங்க வேண்டியவை எவை? கட்டில், குழந்தைகள் படிக்கும் மேஜை, துணி அலமாரி ஆகியவை நம் அளவுக்கே இருக்க வேண்டியவை. உள்ளூர்த் தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்வதில் ஒரு லாபம் உண்டு: மெருகு ஏற்றுமுன்பே போய்க் கட்டையைப் பார்த்துவிடலாம். பச்சை மரத்தில் செய்தால் முதல் கோடையிலேயே விரிசல் விடும். வேம்பு, பலா, பூவரசு எல்லாம் நல்ல மரங்களே. தேக்குதான் வேண்டுமென்று கடன்பட வேண்டியதில்லை. உயரமான அலமாரி எதுவானாலும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் டிராயரைப் படியாக்கி ஏறுவது உங்களுக்குத் தெரியாததா?

கடைசியாக, சீர் விஷயம். பெண்ணுக்குக் கட்டில், பீரோ, சோபா என்று கடன் வாங்கி அனுப்புகிறோம். அவள் குடியேறப் போவதோ வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள்! அளவும் தெரியாது, அவள் விருப்பமும் கேட்பதில்லை. முகூர்த்தம் முடிந்து வீடு பார்த்த பிறகு, அவளையே கடைக்கு அழைத்துப் போய் வாங்கித் தந்தால் என்ன? மாடி ஏற்றக் கழற்றி மாட்டும் கட்டிலாக இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கினால் அது வரதட்சிணை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாமாக மனமுவந்து தரும் சாமான்களுக்கும், இன்னது, இன்ன மதிப்பு, கொடுத்தவர் இன்னார் என்று பட்டியல் எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ரசீதையும் பெண்ணின் பெயரிலேயே வாங்கி, பட்டியலோடு அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம், மங்கிப்போன பழைய நாற்காலிக்கு வீட்டிலேயே மெருகு ஏற்றுவது எப்படி என்று பார்க்கலாம். அதுவரை அந்தப் பழைய சாமான் வண்டிக்காரரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லுங்கள்!