வலிக்காத கண்ணுக்கும் வைத்தியம்: தருமபுரி மாவட்ட மக்களின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்:

கரும்புச் சோகை கண்ணில் கிழித்தால் எரியும். எரிவதால்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கருவிழி நரம்பு செத்துப்போனவருக்கு அந்த எரிச்சலே இல்லை. இமைப்பு குறைந்து, கண்ணீர் வற்றி, மேல்தோல் உரிந்து புண்ணாகும்போதும் "வலிக்கவில்லையே" என்று காட்டு வேலைக்குப் போகிறார். பூ விழுந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது. சர்க்கரை நோய், தொழுநோய், ஹெர்பிஸ், அக்கி என்று எதிலிருந்தும் இந்த நரம்புச் சாவு வரலாம்.

இவற்றில் அக்கிதான் எங்களுக்குப் பெரிய கவலை. முகத்தில் கொப்புளம் கண்டால் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது ஊர் வழக்கம். எழுதுகிறவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் கருவிழிக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணும் கெட வாய்ப்பு அதிகம். 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாத்திரை தொடங்கியாக வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஏழு நாள் மாத்திரை முழுதாக இருப்பில் இருக்கட்டும். அக்கி எழுதுகிறவர்களையே கூப்பிட்டுப் பேசுங்கள்: முகத்து அக்கியை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

கருவிழி உணர்விழந்ததைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பஞ்சை நூலாகத் திரித்துப் பக்கவாட்டிலிருந்து கருவிழியைத் தொட்டு, இரு கண்ணும் ஒன்றுபோல இமைக்கிறதா என்று பார்த்தால் போதும். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். கண் மருத்துவ உதவியாளர் அனைவருக்கும் இதில் பயிற்சி கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் சர்க்கரை நோயாளிப் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கிறது. சோதனையை அவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

மரத்துப்போகச் செய்யும் அந்தச் சொட்டை மருத்துவர் சீட்டில்லாமல் எந்தக் கடையும் விற்கக் கூடாது. நாள்கணக்கில் விட்டால் அதுவே கருவிழியைத் தின்னும்.

இந்த நோய்க்கென்று அமெரிக்கா 2018இல் அனுமதித்த செனெகெர்மின் சொட்டின் விலை பல லட்சம். அதை நாங்கள் இன்று கேட்கவில்லை. பதப்பொருள் சேராத செயற்கைக் கண்ணீர், நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுக்கும் சீரம் சொட்டு, புண் ஆறும்வரை இமைகளை ஓரம் சேர்த்துத் தைக்கும் அறுவை ஆகிய மூன்றும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். சீரம் சொட்டைக் குளிரிலேயே வைக்க வேண்டும். சித்தேரி மலையில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு ஐஸ் குடுவையும் சேர்த்துத் தாருங்கள்.

எடுத்த நடவடிக்கையை வரும் அக்டோபர் 2 கிராம சபையில், ஊர் ஊராக வாசிக்க வேண்டும்.