கணக்கு யாருக்குச் சொந்தம்?

டிசம்பர் 22 வந்தால் பள்ளிக்கூடங்களில் இராமானுஜன் படத்துக்கு மாலை விழுகிறது. அந்த நாளைத் தேசியக் கணித நாள் என்று டில்லி 2011-ல் அறிவித்தது முதல் இது ஆண்டுச் சடங்காகிவிட்டது. ஒரு மாணவன் மேடையேறி வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கிறான். பேச வந்தவர் 'மேதை' என்கிறார், 'தெய்வ அருள்' என்கிறார். மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். விடுமுறை முடிந்து கணக்கு வகுப்பு தொடங்கினால், பாதிப் பிள்ளைகள் பழையபடி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாலை போடுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேடைப் பேச்சு பிள்ளைகளின் காதில் எப்படி விழுகிறது? கணக்கு பிறவியிலேயே வரவேண்டியது, நமக்கு அது வராது என்றுதானே விழுகிறது! ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும், மலையாளிப் பழங்குடி வீட்டுப் பையனுக்கும் (கேரளத்து மலையாளி அல்ல, சேர்வராயன் மலையின் சொந்த மக்கள்) அது இரண்டு மடங்காக விழுகிறது. படிப்பே உங்களுக்கு எதற்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த வீடுகள் அவை. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று 1953-ல் ஒரு திட்டம் வந்ததையும், மக்கள் கொதித்தெழுந்ததால் 1954-ல் அது கைவிடப்பட்டதையும் நம் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று ஆணை போட்டுச் செய்ய முயன்றதை இன்று கணக்குப் பயம் ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் எங்கே போகிறான்? அப்பன் போன தோட்டத்துக்குத்தான்!

அந்த இராமானுஜன்தான் யார்? 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். தாளுக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர். ஓயாமல் உழைத்த கை அது. அந்த உழைப்பை மறைத்துவிட்டு அருளை மட்டும் காட்டினால், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் என்ன மிச்சம்?

வேறு மாதிரியும் செய்யலாம் என்று காட்டியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். வடசென்னையில், அந்தத் துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கும் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே.சீனிவாசன்தான் அவர். அந்தப் பள்ளியில் மாணவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் இருந்தது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'எண் நண்பர் சங்கம்'. பெயரைப் பாருங்கள்! எண்ணில் வல்லவர் சங்கமல்ல, எண்ணின் நண்பர் சங்கம். நண்பனாவதற்கு நூற்றுக்கு நூறு வாங்கவேண்டியதில்லையே!

அந்தச் சங்கமும் பள்ளியின் பழைய மாணவர்களும் சேர்ந்து 1968-ல் இராமானுஜன் நினைவாக இரண்டு தொகுதிகள் வெளியிட்டார்கள். அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, கடிதங்களையும் நினைவுகளையும் சீனிவாசன் திரட்டியிருந்தார். பல்கலைக்கழகங்கள் செய்யாமல் விட்ட வேலையை ஒரு பள்ளிக்கூடம் செய்தது. பின்னாளில் இராமானுஜன் வரலாற்றை எழுத வந்த வெளிநாட்டாரும் அந்தத் தொகுதிகளைத் தேடிப் போகவேண்டியிருந்தது. 1993-ல் இராயபுரத்தில் இராமானுஜன் பெயரால் கணித அருங்காட்சியகம் எழுந்ததும் அவருடைய முயற்சிதான். 2005-ல் அவர் மறைந்தார்.

விலையுயர்ந்த கருவி எதையும் அவர் கேட்கவில்லை. காகிதத் துண்டும் நாட்காட்டியும் போதும் என்றார். நாட்காட்டியை வைத்து எண் விளையாட்டுக்கு ஒரு நூலே எழுதினார். தேநீர்க் கடைச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியைத் தோழர்கள் இப்போதே எடுத்துப் பார்க்கலாம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று ஒன்பது தேதிகளைச் சதுரமாக வளையுங்கள். 8, 9, 10. அவற்றின் கீழ் 15, 16, 17. அதன் கீழ் 22, 23, 24. நடுவில் இருப்பது 16. அதை ஒன்பதால் பெருக்கினால் 144. ஒன்பதையும் கூட்டிப் பாருங்கள், அதே 144! எந்த மாதமானாலும், எந்த ஒன்பதானாலும் இப்படித்தான் வரும். மந்திரம் ஒன்றுமில்லை. நடுத் தேதிக்கு இடப்பக்கம் ஒன்று குறைவு, வலப்பக்கம் ஒன்று கூட. மேலே ஏழு குறைவு, கீழே ஏழு கூட. குறைவும் கூடுதலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 'ஏன் அப்படி?' என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அந்தக் கணமே கணக்கு அதற்குச் சொந்தமாகிவிட்டது.

இதை ஒண்டிக்கடைக்குக் கொண்டுபோவோம். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். பேருந்து 30 கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. அதாவது 25 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயரம். ஆனால் அடிவாரம் வரை பெரிய ஏற்றமில்லையே, அப்படியானால் மலைச்சாலையில் எத்தனைக்கு ஒன்று? இருபது கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு? நேராகச் சாலை போட்டால் என்ன? மிளகு மூட்டை ஏற்றிய லாரியின் ஓட்டுநருக்கு இந்தக் கணக்கு கையிலும் காலிலும் இருக்கிறது. அவர் மகனுக்கு அது ஏட்டில் வந்தால் மட்டும் ஏன் கசக்கவேண்டும்?

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுந்த தண்ணீர் 4,047 லிட்டர். பறித்த காப்பிப் பழம் ஐந்தாறு கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ கொட்டை. எடை போடும் இடத்தில் தாயின் பக்கத்தில் நின்று மகள் மனக்கணக்காகக் கூட்டிச் சொன்னால், எழுதுகிறவர் பேனா கொஞ்சம் கவனமாக ஓடும். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு என்றுவரை பின்னம் சொல்லிக்கொடுத்தார்கள். அது தெரிந்தவன் கணக்கு எழுதினான், தெரியாதவன் கைநாட்டு வைத்தான்.

ஆனால் கூலியைச் சரிபார்க்கும் அளவுக்குக் கணக்கு இருந்தால் தொழிலாளி பிள்ளைக்குப் போதும் என்று யாராவது சொன்னால், அதை நாம் ஏற்கமாட்டோம். அதுவும் 1953-ன் மறு வேடம்தான். நாட்காட்டிக் கணக்கால் காலணா வருமானமில்லை. அந்த மகிழ்ச்சியும் நம் பிள்ளைக்கு வேண்டும்!

அதற்கு ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் போதாது, பள்ளிக்கூடம் முழுதும் இறங்கவேண்டும். விளையாட்டு ஆசிரியர் ஓட்டப் பாதையைப் பிள்ளைகளைக் கொண்டே அளக்கட்டும். சத்துணவுக் கூடத்தில் இன்று எத்தனை பேர், எவ்வளவு அரிசி என்பதை ஆறாம் வகுப்பு எழுதிவைக்கட்டும். பெரிய வகுப்புப் பிள்ளை சின்ன வகுப்புக்குப் போய் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுகட்ட 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நல்ல திட்டம்தான். மூன்றாம் வகுப்புவரை என்று தொடங்கி, மறு ஆண்டில் ஐந்தாம் வகுப்புவரை நீண்டது. ஆனால் எழுத்துக்கள் எண்களாக வேடமிட்டு வந்து பயமுறுத்துவதோ அதற்கப்புறம்தான்!

நம் இயக்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. மலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால், சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுப்பதுபோல் அதற்கும் கொடுக்கவேண்டும். இன்னொன்று, கொடிமரத்தடியில் கரும்பலகை வைத்துச் செய்தி எழுதிய பழக்கம் நமக்கு உண்டு. ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே, பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளின் கண்ணில் படும்படி அப்படி ஒரு பலகை வைக்கட்டும். வாரம் ஒரு கணக்கு எழுதட்டும். விடை சொன்ன பிள்ளையின் பெயரும் வகுப்பும் அடுத்த சனிக்கிழமை அதே பலகையில் வரட்டும்.

முதல் வாரத்துக்கு நாமே ஒன்று தருகிறோம். நாட்காட்டியில் நான்குக்கு நான்கு என்று பதினாறு தேதிகளை வளைத்தால் நடுவில் ஒற்றைத் தேதி கிடையாது. ஆயினும் நான்கு மூலைத் தேதிகளை மட்டும் பார்த்து மொத்தக் கூட்டலைச் சொல்லிவிடலாம். எப்படி? விடையின் கீழ் 'ஏன்' என்பதையும் எழுதவேண்டும்.